பெயரில்லாப் பதக்கங்கள்: காஞ்சிபுரம் வட்டாரத்தை முன்வைத்துக் கம்பெனிக்காலப் படைப்பதக்கங்களை அடையாளங்காணல்

ஆய்வுச்சுருக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியச் சிப்பாய்களுக்கு வழங்கிய தொடக்ககாலப் பதக்கங்களில் பெறுநரின் பெயர் பொறிக்கப்படவில்லை. எனவே ஒரு பதக்கத்தின் அளவு, உலோகம், எழுத்து, உருவம் ஆகியவற்றைக் கொண்டே அது எந்தப் போருக்குரியது, எந்த மாகாணப் படைக்குரியது என்பதை உறுதிசெய்ய வேண்டியுள்ளது. 1780, 1781ஆம் ஆண்டுகளில் போர் நிகழ்ந்த புள்ளலூரையும் அதே வட்டாரத்து ஊராகிய திருப்புட்குழியையும் களமாகக் கொண்டு, இவ்வட்டாரத்தில் கிடைக்கக்கூடிய பதக்கங்களை அடையாளங்காணும் நெறியை இக்கட்டுரை ஆராய்கிறது. புள்ளலூரில் போரிட்ட மதராஸ் சிப்பாய்க்கு அப்போருக்கெனப் பதக்கம் எதுவும் வழங்கப்படவில்லை என்பதும், அக்காலத்துப் பதக்கம் வங்கப் படையினருக்கே உரியது என்பதும் இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: புள்ளலூர்ப் போர், திருப்புட்குழி, தக்கணப் பதக்கம், ஸ்ரீரங்கப்பட்டினப் பதக்கம், பர்மாப் பதக்கம், மதராஸ் படை.

களம்

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே வேலூர் நோக்கிச் செல்லும் வழியில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து அமைந்துள்ளது திருப்புட்குழி. திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற இத்தலத்தின் விஜயராகவப் பெருமாள் கோயில், இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடமாகத் தலபுராணத்தில் போற்றப்படுகிறது. ‘புள்’, ‘குழி’ என்னும் சொற்களால் ஆன ஊர்ப்பெயரும் அந்நிகழ்வையே சுட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. போரில் மாண்ட ஒருவனின் நினைவை ஊர்ப்பெயரிலேயே தாங்கி நிற்கும் இவ்வட்டாரத்தில்தான், ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் பெயர் தெரியாமல் மாண்ட போரும் நிகழ்ந்தது.

அப்போர் 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் நிகழ்ந்தது. ஆங்கில ஆவணங்களில் ‘பொல்லிலூர்’ எனத் திரிந்து வழங்கும் ஊர் இதுவே. பல்லவர் வரலாறு பயில்வோர்க்கு இப்பெயர் புதிதன்று. முதலாம் மகேந்திரவர்மன் பகைவரை வென்ற களமாகக் காசாக்குடிச் செப்பேடு குறிப்பிடும் ஊரும் இதுவே. குண்டூரிலிருந்து வந்த கர்னல் வில்லியம் பெய்லியின் படை, காஞ்சியில் முகாமிட்டிருந்த தளபதி ஹெக்டர் மன்றோவின் படையோடு சேரும் நோக்கத்துடன் நகர்ந்தது. கர்னல் ஃபிளெட்சரின் உதவிப்படையும் வந்து இணைந்தபின் அதில் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தனர். அவர்களுள் ஐரோப்பியர் சில நூற்றுவரே, எஞ்சியோர் சிப்பாய்கள். ஹைதர் அலியும் திப்புவும் அப்படையைச் சூழ்ந்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தபின் பெய்லியின் அணி குலைந்தது. காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்து உதவத் தவறிய மன்றோ, தம் கனரகப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். சிறைப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இறந்தார்.

அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று, ஏறக்குறைய அதே களத்தில் சர் அயர் கூட்டின் படை ஹைதரை எதிர்கொண்டது. ஹைதரின் படை களத்தைவிட்டு அகன்றதேயன்றி முறியடிக்கப்படவில்லை. இவ்விரு போர்களும் இரண்டாம் மைசூர்ப் போரின் பகுதிகளாகும்.

இத்தகைய களத்தை ஒட்டிய ஊர்களில் பழைய வட்டவடிவப் பதக்கமொன்று கிடைக்குமாயின், அதனைப் புள்ளலூர்ப் போரோடு பொருத்திவிடும் விருப்பம் ஆய்வாளருக்கு இயல்பாகவே எழும். பதக்கத்தில் 1784 என்ற ஆண்டும் பாரசீக எழுத்தும் இருந்துவிட்டால் அவ்விருப்பம் உறுதியாகவே மாறிவிடும். ஆனால் அது பிழையான முடிவாகும்.

பாரசீக எழுத்து தரும் மயக்கம்

கம்பெனிப் பதக்கங்களை அடையாளங்காண்பதில் தமிழ் ஆய்வாளர் எதிர்கொள்ளும் முதல் இடர் எழுத்து பற்றியது. பாரசீக எழுத்தைக் கண்டவுடன் அதனை ஆர்க்காட்டு நவாபுக்கோ திப்பு சுல்தானுக்கோ உரியதெனக் கொள்வது எளிது. ஆனால் 1837 வரை கம்பெனி ஆட்சியிலும் பாரசீகமே அலுவல் மொழியாக நிலவியது. கம்பெனியே அச்சிட்ட ஆர்க்காடு ரூபாயிலும் முகலாயப் பேரரசர் பெயர் பாரசீகத்தில்தான் உள்ளது. எனவே பாரசீக எழுத்து காலத்தைக் காட்டலாமே தவிர, வழங்கியவரைக் காட்டாது.

அளவு இதைவிட உறுதியான சான்று. 1835க்குப் பிந்தைய கம்பெனி ரூபாயின் விட்டம் ஏறத்தாழ 30 மி.மீ. மட்டுமே. 38 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டமுடைய, மதிப்புக் குறிக்கப்படாத ஒரு வில்லை நாணயமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆண்டையும் இரட்டை முறையில் சரிபார்க்கலாம். கம்பெனிப் பதக்கங்கள் சிலவற்றில் கிறித்தவ ஆண்டும் ஹிஜ்ரி ஆண்டும் சேர்ந்தே தரப்பட்டுள்ளன. ஹிஜ்ரி 1199 என்பது 1784 நவம்பரில் தொடங்குகிறது; 1205, 1206 ஆகியவை 1790 செப்டம்பர் முதல் 1792 ஆகஸ்ட் வரையான காலத்தைக் கொண்டவை. ஒரு வில்லையில் காணும் இரு ஆண்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தாவிடில் அதன் உண்மைத்தன்மையை ஐயுறுவதே முறை.

1784ஆம் ஆண்டுப் பதக்கம் யாருக்குரியது?

‘தக்கணப் பதக்கம்’ என அழைக்கப்படும் இப்பதக்கத்தின் முகப்பில், படைக்கலக் குவியலின்மீது பிரிட்டானியா அமர்ந்திருக்கிறாள். அவள் நீட்டிய கையிலுள்ள வெற்றிமாலை, கொடி பறக்கும் கோட்டையொன்றை நோக்கியிருக்கிறது. பின்புறம் முழுவதும் பாரசீகம். கல்கத்தா அரசு நற்பணிக்கும் அஞ்சா வீரத்துக்கும் நினைவாக வழங்கியது என்பதும் ஆண்டும் நடுவில் உள்ளன. இந்துஸ்தானம் முதல் தக்கணம் வரை வென்றோரின் முயற்சியைப் புகழும் வாசகம் சுற்றிலும் ஓடுகிறது. தங்கத்திலும் வெள்ளியிலும், 40 மி.மீ. என்றும் 32 மி.மீ. என்றும் இரு அளவுகளில் அது வழங்கப்பட்டது. வளையம் பொருத்தி, மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணியும் அமைப்புடையது.

‘கல்கத்தா அரசு’ என்னும் தொடரே இங்குத் தீர்ப்பளிக்கிறது. கம்பெனிக்கு வங்கம், மதராஸ், பம்பாய் என மூன்று மாகாணங்களும் மூன்று தனிப்படைகளும் இருந்தன. மராட்டியருக்கு எதிராக மேற்கே சென்ற காடர்டின் படைப்பிரிவு, தெற்கே வந்த கர்னல் பியர்ஸின் படைப்பிரிவு ஆகியவற்றின் வங்கச் சிப்பாய்களுக்கே 1785இன் தொடக்கத்தில் இப்பதக்கத்துக்கு ஆணையிடப்பட்டது. பியர்ஸின் பிரிவு 1781இல் வங்கத்திலிருந்து கடற்கரை வழியாக நடந்தே வந்து, ஆகஸ்டில் கூட்டின் படையோடு இணைந்தது. இரண்டாம் புள்ளலூர்ப் போரில் அது பங்கேற்றது. ஆகவே புள்ளலூர்க் களத்துக்கும் இப்பதக்கத்துக்கும் தொடர்பே இல்லை எனச் சொல்ல இயலாது; ஆனால் அத்தொடர்பு வங்கச் சிப்பாயின் வழியாக மட்டுமே அமைகிறது. அவனுக்கு அருகில் நின்று அதே நாளில் போரிட்ட மதராஸ் சிப்பாய்க்கு அது வழங்கப்படவில்லை. முந்தைய ஆண்டில் பெய்லியோடு அழிந்த படையினரைக் குறித்துப் பேசவே வேண்டியதில்லை. தோல்விக்கு எந்த அரசும் பதக்கம் அடிப்பதில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவோர் தொலைவைக் கருத வேண்டும். வங்கச் சிப்பாய் தன் நாட்டைவிட்டு நெடுந்தொலைவு வந்து மூன்றாண்டுகளுக்கு மேல் போரிட்டுத் திரும்பியவன். அவனை அவ்வாறு அனுப்புவதும் மீண்டும் அனுப்ப நேர்வதும் கல்கத்தா அரசுக்குக் கவலை தந்த செய்திகள். மதராஸ் சிப்பாயோ தன் நிலத்திலேயே போரிட்டவன். அவனுக்குத் தனிச் சலுகை தேவையெனக் கருதப்படவில்லை போலும். மதராஸ் அரசுக்குப் பதக்கம் வழங்கும் வழக்கமே இல்லாதிருந்ததும் அன்று. 1750களில் யூசுப் கான் என்னும் கான் சாகிபுக்கு அது தங்கப் பதக்கம் அளித்திருந்தது. அதே யூசுப் கான் 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். எனினும் அது தனியொருவருக்கு அளித்த பரிசு. ஒரு போரில் பங்கேற்ற சிப்பாய்கள் அனைவருக்கும் பதக்கம் என்னும் முறை வங்கத்திலேயே தொடங்கியது.

மூன்றாம் மைசூர்ப் போருக்கு 1793இல் ஆணையிடப்பட்ட பதக்கத்திலும் இந்நிலை மாறவில்லை. அதன் முகப்பில் ஒரு சிப்பாய் வலக்கையில் ஆங்கிலக் கொடியும் இடக்கையில் தலைகீழான பகைவர் கொடியும் ஏந்தி, வண்டியிலிருந்து வீழ்ந்த பீரங்கியின்மேல் காலூன்றி நிற்கிறான். பின்னே கோட்டை நகரம் தெரிகிறது. பின்புறத்தில் 1791–1792 என்ற ஆண்டுகள் மாலைக்குள் உள்ளன. 43 மி.மீ., 38 மி.மீ. என்னும் இரு அளவுகளில் அமைந்த இதுவும் வங்கப் படைக்கே வழங்கப்பட்டது. சிப்பாயின் உருவம் பதக்கத்தில் ஏறிவிட்டது. ஆனால் மதராஸ் சிப்பாயின் கைக்கு இன்னும் பதக்கம் வரவில்லை. இவ்விரு பதக்கங்களும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் கிடைப்பின், அவை வங்கப் படையினர் வழியாகவோ பிற்கால வணிகர், சேகரிப்பாளர் வழியாகவோ வந்தவையாகவே முதலில் கருதப்பட வேண்டும். பிற்கால மறுவார்ப்புகள் வணிகத்தில் உலவுவதையும் மறத்தலாகாது.

சிங்கமும் புலியும்

மதராஸ் சிப்பாய்க்குப் பெருந்தொகையாக வழங்கப்பட்ட முதல் பதக்கம் ஸ்ரீரங்கப்பட்டின வெற்றிக்குரியது. 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்து திப்பு மாண்டார். பதக்கத்தின் ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சிங்கம் புலியை வீழ்த்தி அடக்குகிறது. மேலே உள்ள கொடியில் ‘வெற்றிகொள்ளும் இறைவனின் சிங்கம்’ என்னும் பொருள்படும் அரபுத்தொடர் காணப்படுகிறது. கீழே நாள் ரோமன் எண்களில் உள்ளது. மறுபக்கத்தில் கோட்டையின் உடைப்பு வழியாகப் படை ஏறும் காட்சியும், தாக்குதல் நடந்த நண்பகலைக் குறிக்கும் உச்சிச் சூரியனும், அடியில் பாரசீக வாசகமும் அமைந்துள்ளன. புலி திப்புவின் சின்னம் என்பதால், தேய்ந்துபோன பதக்கத்தில் புலியுருவை மட்டும் கண்டு அதனைத் திப்புவின் காசெனக் கொள்ளும் வாய்ப்பு உண்டு. திப்புவின் செப்புக் காசுகளில் பெரிதும் காணப்படுவது யானையே என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம்.

உடைப்பின் வழியே படையை நடத்திச் சென்றவர் டேவிட் பேர்டு. 1780இல் புள்ளலூரில் காயமுற்றுச் சிறைப்பட்டு, 1784 வரை இதே ஸ்ரீரங்கப்பட்டினத்தில் அடைபட்டிருந்தவர் அவர். ஆகவே இப்பதக்கத்தின் காட்சியை ஒருவகையில் புள்ளலூரின் எதிரொலி எனலாம். இதே போரின் மறுபக்க நினைவுச்சின்னம் ஸ்ரீரங்கப்பட்டினத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் உள்ளது. புள்ளலூரில் திப்பு ஈட்டிய வெற்றி, பல்லக்கில் அமர்ந்த பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி ஆகியவை அங்கே ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளன.

இப்பதக்கத்தை வடிவமைத்தவர் கூக்லர். பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் சோஹோ அக்கசாலையில் 48 மி.மீ. விட்டத்தில் அது அச்சிடப்பட்டது. தங்கம், தங்கமுலாம் பூசிய வெள்ளி, வெள்ளி ஆகியவை அதிகாரிகளின் படிநிலைக்கு ஏற்ப அமைந்தன. வெண்கலம் அவர்களுக்கு அடுத்த நிலையினருக்கும், வெள்ளீயம் ஐரோப்பியச் சாதாரண வீரருக்கும் சிப்பாய்களுக்கும் உரியனவாயின. வெள்ளீயத்தில் மட்டும் சுமார் 45,000 பதக்கங்கள் அச்சிடப்பட்டன, வெண்கலம் 5,000. வங்கப் படைக்கெனக் கல்கத்தா அக்கசாலையில் தங்கத்திலும் வெள்ளியிலும் தனியே வார்ப்புருச் செய்து அச்சிட்டனர். அவை 45 மி.மீ. விட்டமுடையவை, புடைப்பு தாழ்ந்தவை, வேலைப்பாட்டிலும் சற்றே முரடானவை. இம்மூன்று மி.மீ. வேறுபாடு ஆய்வாளருக்குப் பெரும் உதவி. 45 மி.மீ. வெள்ளிப் பதக்கம் வங்கத்தைச் சுட்டும், 48 மி.மீ. வெள்ளீயப் பதக்கம் சோஹோவில் பிறந்து சாதாரண வீரனின் கைக்கு வந்தது.

வெள்ளீயம் மென்மையானது, எளிதில் தேயும், வளையும், நிறம் மங்கும். ஈயமெனக் கருதி உருக்கப்படும் ஆபத்தும் அதற்கு உண்டு. நீரில் அமிழ்த்தி அடர்த்தி காண்பது எந்த ஆய்வகமும் இன்றிச் செய்யக்கூடிய சோதனை: வெள்ளீயம் 7.3, செம்பு ஏறத்தாழ 9, வெள்ளி 10.5, ஈயம் 11.3. பூசையறைப் பொருள்களைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் வழக்கம் வெண்கலப் பதக்கத்தின் புடைப்பையே தேய்த்துவிடும். வெள்ளீயம் அதற்குச் சிறிதும் தாங்காது. எடையும் அளவும் ஒளிப்படமும் எடுக்கும் முன்னர் எந்தப் பதக்கத்தையும் துலக்கச் சொல்லலாகாது.

இப்பதக்கம் வளையமோ நாடாவோ இன்றியே வழங்கப்பட்டது. எனவே அதில் காணும் துளையும் கொக்கியும் பெறுநரோ அவர்தம் குடும்பத்தாரோ செய்துகொண்டவை. துளை எந்த உருவத்துக்கு நேர்மேலே இடப்பட்டுள்ளது என்று நோக்கினால், எந்தப் பக்கம் வெளியே தெரிய அணியப்பட்டது என்பதை ஊகிக்கலாம். காசுமாலை கோக்கும் மரபுள்ள நிலத்தில் அணிந்தது சிப்பாயாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

வழங்கப்பட்ட காலம் தனிக் கவனத்துக்குரியது. பதக்கம் பெறுநரின் கைக்குச் சேர்ந்தது 1808இல். போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்கு ஈராண்டு முன்னர், 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் மதராஸ் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, அங்கு வைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்களை முன்னிறுத்தி, மைசூரின் புலிக்கொடியை ஏற்றியிருந்தனர். கிளர்ச்சியை அடக்கியபின் 1ஆம், 23ஆம் ரெஜிமெண்டுகள் படைப்பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. இந்நிகழ்வுக்குப் பின், புலியைச் சிங்கம் மிதிக்கும் வில்லை மதராஸ் சிப்பாயின் உள்ளங்கையில் வைக்கப்பட்டது. வடிவமைப்பு வேலூருக்கு முந்தையது. ஆகவே அதனை வேலூருக்கு மறுமொழி எனக் கூறுவது பொருந்தாது. ஆனால் பெற்றவன் அதனை எவ்வாறு நோக்கியிருப்பான் என்ற வினா இந்நிலத்தின் வரலாற்றாசிரியர் எழுப்ப வேண்டிய வினாவே.

யானை மண்டியிடும் பதக்கம்

தமிழகக் குடும்பங்களில் வெள்ளிப் பதக்கமாகக் கிடைக்க மிகுந்த வாய்ப்புள்ளது முதல் பர்மாப் போருக்கு (1824–1826) உரியதாகும். ஒரு பக்கத்தில் ஆவாவின் யானை ஆங்கிலச் சிங்கத்தின்முன் மண்டியிடுகிறது. மறுபக்கத்தில் ரங்கூன் பகோடா தாக்கப்படும் காட்சி. இரு பக்கங்களிலும் பாரசீக வாசகம். விட்டம் ஏறத்தாழ 39 மி.மீ. இந்திய அதிகாரிகளுக்குத் தங்கமுலாம் பூசியதும் பிறருக்கு வெள்ளியும் வழங்கப்பட்டன. மதராஸ் படைக்கு மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வெள்ளிப் பதக்கங்கள் சென்றன. வங்கத்துக்குச் சென்றவை அதைவிடக் குறைவு. புள்ளலூரில் ஒன்றும் பெறாத படை, 1799க்கு வெள்ளீயமும், கடல் கடந்து பர்மாவில் போரிட்டதற்கு வெள்ளியும் பெற்ற வரிசை இது. யானையைக் கண்டு திப்பு காசென மயங்குவதற்கு இங்கு இடம் மிகுதி; எதிரே நிற்கும் சிங்கமே அம்மயக்கத்தைத் தீர்க்கும்.

பதக்கமல்லாதவை

இராமர் பட்டாபிஷேகக் காட்சி பொறித்த ‘ராமடங்கா’ வில்லைகள் வழிபாட்டுக்குரியவை. படைக்கோ அரசுக்கோ தொடர்பற்றவை. இவற்றைப் பின்பற்றி, ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ என்ற பெயருடன் அனுமன் அல்லது இராமர் உருவமும் 1818 போன்ற ஆண்டும் பொறித்த செப்பு வில்லைகள் சந்தைகளில் ஏராளமாக உலவுகின்றன. கம்பெனி அத்தகைய காசையோ பதக்கத்தையோ வெளியிட்டதில்லை. அரிசியை ஈர்க்கும், இரிடியம் கலந்தது என்றெல்லாம் சொல்லிப் பெருந்தொகை பறிக்கும் மோசடிகளில் இவை பயன்படுவதைத் தமிழக நாளேடுகளில் அடிக்கடி காணலாம். கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதுவே. ஊராரின் ஐயத்துக்கும் அச்சத்துக்கும் இம்மோசடிகளே காரணம்.

பெயர்

போரில் வீழ்ந்தவனின் பெயரைப் பொறிப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நடுகல் எடுத்தலின் துறைகளை வகுக்கிறது. செங்கம் வட்டாரத்துப் பல்லவர்கால நடுகற்கள் அரசனின் ஆட்சியாண்டையும் வீழ்ந்த வீரனின் பெயரையும் தாங்கியுள்ளன. ஆநிரை மீட்டு இறந்த ஒருவனைப் பற்றி ஏழாம் நூற்றாண்டுக் கல் தரும் செய்தியை, 1799இன் பதக்கம் தன்னைப் பெற்றவனைப் பற்றித் தருவதில்லை. இங்கிலாந்தில் அனைத்து நிலையினர்க்கும் விளிம்பில் பெயர் பொறித்து வழங்கும் முறை வாட்டர்லூப் பதக்கத்தோடு, 1816இல் தொடங்கியது. மேற்கூறிய கம்பெனிப் பதக்கங்களின் விளிம்பில் பெயர் காணப்படின், அது பின்னர்த் தனியே வெட்டுவித்தது; வணிகரின் கைவேலையாகவும் இருக்கலாம். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் நிலை முற்றிலும் வேறு. விளிம்பிலேயே எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. போர்ப்பதக்கம் வெள்ளியாயின் போர்வீரனையும், வெண்கலமாயின் பெரும்பாலும் தொழிலாளர் படையினரையோ முகாம் பணியாளரையோ சுட்டும். ஆகவே எந்தப் பதக்கத்தையும் முதலில் விளிம்பிலிருந்தே படிக்கத் தொடங்குதல் நன்று.

புள்ளலூரில் இன்று இரு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27 அன்று மாண்ட லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் ஆகிய இரு ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள் அவற்றில் உள்ளன. அன்றும் முந்தைய ஆண்டிலும் அக்களத்தில் வீழ்ந்த சிப்பாய்களின் பெயர்களைத் தேடுவோர்க்குப் பதக்கம் உதவாது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் மதராஸ் அரசின் படைத்துறை ஆவணத் தொகுதிகள் உள்ளன. தேடல் அங்கிருந்து தொடங்க வேண்டும். களத்தில் மண்ணிலிருந்து வில்லை ஏதும் வெளிப்படின், 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய எதனையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடம், ஆழம், உடன் கிடைத்த பொருள்கள் ஆகியவற்றின் குறிப்பும் அத்துடன் சேர வேண்டும். பெயரற்ற பதக்கத்தைப் பொறுத்தவரை அதனை ஓர் ஊரோடும் ஒரு போரோடும் இணைக்கக்கூடிய சான்று அக்குறிப்பு ஒன்றே.